காசும் ஆளும் குறைவாக இருக்கும் தோட்டப் பட்டணத்தில் ஒரு நூலகத்தை நடத்துவது எப்படி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் தமிழ் நூலகம் என்றால் பெரும்பாலும் ஓர் அறைதான். கோயில் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும், அல்லது கடைவீட்டு மாடியில், அல்லது மூடிப்போன பாலர் பள்ளிக் கட்டடத்தில். கித்தா என்ற ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் தாமான் என்ற பட்டணக் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டார்கள். தோட்ட மன்றத்தில் இருந்த பத்திரிகை மேசையும் நூல் அலமாரியும் மட்டும் கூட வரவில்லை. அந்த அலமாரியைப் பட்டணத்தில் திரும்ப நிறுத்த முயல்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சம்பளம் கொடுத்து நூலகர் வைக்க வழியில்லை, மாதம் சில நூறு வெள்ளிதான் (ரிங்கிட்) கையில் இருக்கிறது, கூட நிற்க நாலைந்து பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கில் படியுங்கள்.

நான் சொல்வதில் முக்கியமானது ஒன்றுதான். எத்தனை நூல் இருக்கிறது என்பதைவிட, சொன்ன நேரத்துக்குக் கதவு திறந்திருக்கிறதா என்பதுதான் ஒரு நூலகத்தை வாழவைக்கும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. பூட்டிய அறையில் பத்தாயிரம் நூல் இருந்தாலும் அந்த விதி நிறைவேறாது. ஆகவே பணம், ஆள், இடம் மூன்றையும் முதலில் கதவுக்கு ஒதுக்குங்கள். மற்றதெல்லாம் பிறகு.

முதல் படி: நேரத்தை முடிவு செய்யுங்கள்

உங்களால் திறக்க முடிந்த நேரத்தைப் பார்ப்பதற்கு முன், ஜனங்களால் வர முடிந்த நேரத்தைப் பாருங்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மதியம் வீடு திரும்பிச் சாப்பிட்டு எழுந்திருக்க மூன்றரை ஆகிவிடும். மாலையில் டியூஷன். பெற்றோர் பலருக்கு ஈப்போ பக்கத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை. பெரியவர்களுக்குக் காலைதான் வசதி. என் அனுபவத்தில் தாங்கக்கூடிய அட்டவணை இது: வாரத்தில் இரண்டு நாள் மாலை நாலு முதல் ஏழு வரை, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை. மொத்தம் பத்து மணி நேரம். கோயிலுக்கு வருகிறவர்கள் அப்படியே நூலகத்துக்கும் வர ஞாயிறு காலை உதவும்.

பத்து மணி நேரம் குறைவாகத் தோன்றலாம். ஆனால் பத்தையும் தவறாமல் திறந்தால், ஆறு மாதத்தில் பிள்ளைகள் கேட்காமலே வருவார்கள். பலகையில் முப்பது மணி நேரம் எழுதிவிட்டு இரண்டு முறை பூட்டிக் கிடந்தால் போதும், ஒரு பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு மூன்றாம் முறை படியேற மாட்டார். ஏலாத நேரத்தைப் பலகையில் எழுதவே எழுதாதீர்கள். தீபாவளி, தைப்பூசம், பள்ளி விடுமுறை நாட்களுக்கு என்ன ஏற்பாடு என்பதை இரண்டு வாரம் முன்னதாகவே கதவிலும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும் போட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: ஆள் சேர்ப்பது

ஒரே ஒருவரின் ஆர்வத்தில் நடக்கும் நூலகம் அவருக்குக் காய்ச்சல் வந்தால் மூடிவிடும். ஆகவே சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், இருவரும் வேறு வேறு வீட்டுக்காரராக இருக்கட்டும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பொறுப்பாளர், அவருக்கு ஒரு மாற்றாள் என்று பெயர் எழுதி ஒட்டுங்கள். மாற்றாள் இல்லாத நாளைத் திறப்பு நாளாக அறிவிக்க வேண்டாம்.

யாரைக் கேட்பது? ஓய்வுபெற்ற ஆசிரியர்களை எல்லோரும் கேட்பார்கள், நீங்களும் கேளுங்கள். தோட்ட ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வுபெற்ற ஐயாக்களை மறந்துவிடாதீர்கள். செக்ரோல் என்ற தொழிலாளர் வருகைப் பதிவேட்டை எழுதிப் பழகிய கை அது. பதிவேட்டை அவர்களிடம் கொடுத்தால் ஒரு வரி கோணாது. ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வை எழுதி முடித்து முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் இன்னொரு வளம். அந்தச் சில மாதங்களில் நூல் எண் போடுவது, அட்டவணையைக் கணினியில் ஏற்றுவது போன்ற வேலைகளை முடித்துக்கொள்ளலாம். அவர்களுக்குச் சான்றிதழ் கொடுங்கள், வேலைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போது பயன்படும்.

உதவிக்கு வருகிறவரிடம், "முடிஞ்சப்ப வாங்கக்கா" என்று சொன்னால் முடிந்தபோதுதான் வருவார். "செவ்வாய் நாலு மணிக்கு உங்க பொறுப்புக்கா, இந்தாங்க சாவி" என்றால் கட்டாயம் வருவார். போய்வரும் பெட்ரோல் காசைக் கேட்காமலே கொடுத்துவிடுங்கள். கையிலிருந்து செலவழித்துச் சேவை செய்யட்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் குறைந்தது இரண்டு பெரியவர்கள் அறையில் இருக்க வேண்டும். இந்த விதியில் யாருக்காகவும் தளர்வு காட்டாதீர்கள்.

மூன்றாம் படி: நன்கொடை நூல்களைப் பிரிப்பது

நூலகம் தொடங்குகிறோம் என்று சொன்னதுமே பெட்டிகள் வரத் தொடங்கும். இங்கேதான் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். வீடு மாறும்போது ஒரு அக்கா கொண்டுவந்த மைலோ பெட்டியைத் திறந்தால் என்ன இருந்தது என்று சொல்கிறேன். மேலே முழுக்க, ஆறாம் ஆண்டு மாணவர் எழுதிய யுபிஎஸ்ஆர் தேர்வுக்கான மாதிரித் தாள்கள், பென்சிலால் விடை எழுதியவை. நடுவில் அட்டை பிரிந்த மூன்று நாவல்கள். அடியில், தாளில் சுற்றிய ஒரு கோயில் கும்பாபிஷேக மலர். அதில் அந்தத் தோட்டத்து ஜனங்கள் லயத்துக்கு முன்னால் வரிசையாக நிற்கும் படம். அந்தத் தோட்டத்தில் இன்று ஒரு குடும்பம்கூட இல்லை.

அந்த ஒரு பெட்டியிலேயே மூன்று வகைத் தீர்ப்பு இருக்கிறது. முதல் வகை வெளியே போக வேண்டியது. யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ரத்தானது, மூன்றாம் படிவத்து பிடி3 தேர்வு 2022இல் ரத்தானது. அவற்றுக்கான பயிற்சி நூல்கள் அலமாரியில் இருந்தால் பெற்றோரைத்தான் குழப்பும். கேபிஎஸ்ஆர் என்ற பழைய தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டக் காலத்துப் பாடநூல்களுக்கும் இதே முடிவு, 2011 முதல் அதற்குப் பதிலாக கேஎஸ்எஸ்ஆர் வந்துவிட்டது. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடந்த 2003க்குப் பிந்தைய காலத்து நூல்கள் கட்டுக்கட்டாக வரும், அவையும் வேண்டாம். பழைய மருத்துவக் குறிப்பு, பழைய கணினி நூல், காலாவதியான சட்டக் கையேடு எல்லாம் தவறான தகவல் தரும். பூஞ்சணம் பிடித்ததை உள்ளேயே கொண்டுவராதீர்கள். இவை பழைய பேப்பர் வாங்கும் லோரிக்குப் போகட்டும், அந்தக் காசு மின்விளக்குக்கு ஆகும்.

இரண்டாம் வகை, பழுதுபார்த்து இரவலுக்கு விடுவது. மூன்றாம் வகையை உயிராகக் காக்க வேண்டும்: மலேசியத் தமிழ் எழுத்தாளர்களின் நூல்கள், கோயில் மலர்கள், பள்ளி ஆண்டிதழ்கள், தொழிற்சங்கத் துண்டறிக்கைகள், பழைய பத்திரிகைகள். நம் நாட்டுத் தமிழ் நூல்கள் பெரும்பாலும் எழுதியவரே கைக்காசு போட்டு அச்சடித்தவை, மறுபதிப்பு அரிது. தமிழகத்து நாவலை இன்னொரு முறை வாங்கிக்கொள்ளலாம். இங்கே அச்சான சிறுகதைத் தொகுப்பு கிழிந்தால் போனதுதான்.

நன்கொடை தருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "ஐயா, எங்களுக்குப் பொருந்தாததை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவோம், சம்மதமா?" இதை ஒரு தாளில் அச்சடித்துக் கையெழுத்து வாங்கினால் பின்னால் மனத்தாங்கல் வராது. வருடத்துக்கு ஒரு முறை அலமாரியில் இருப்பதையும் இதே கண்ணால் பாருங்கள். மூன்று வருடம் யாரும் தொடாத, வேறு எங்கும் எளிதாகக் கிடைக்கும் நூல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.

நான்காம் படி: பதிவும் அடுக்கும்

கெட்டி அட்டை போட்ட ஒரு பதிவேடு வாங்குங்கள். வரிசை எண், சேர்ந்த தேதி, தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, மொழி, யார் கொடுத்தது, குறிப்பு. இவ்வளவு போதும். அதே எண்ணை நூலின் உள் அட்டையிலும் முதுகுச் சீட்டிலும் எழுதுங்கள். நீக்கிய நூலின் எண்ணை வேறு நூலுக்குத் தரக்கூடாது. பதிவேட்டில் உள்ளதை கூகுள் ஷீட்டில் ஏற்றி, இரண்டு பேருக்கு அணுகல் கொடுங்கள்.

மென்பொருள் வேண்டுமா என்று கேட்பார்கள். மூவாயிரம் நூல் வரைக்கும் விரிதாளே போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் போனால் இந்தோனேசியாவில் உருவான ஸ்லிம்ஸ், நியூசிலாந்தில் உருவாகி 2000இல் பயன்பாட்டுக்கு வந்த கோஹா இரண்டும் இலவசம். ஆனால் கணினி தெரிந்த ஒருவர் பராமரிப்புக்கு நிரந்தரமாக இருக்க வேண்டும். அவர் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால் அட்டவணையும் கூடவே போய்விடும்.

அடுக்குவதற்கு, நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டியூவி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்ற எண் உண்டு. ஆனால் நம் நூல்களில் பாதிக்கு மேல் அந்த ஓர் எண்ணிலேயே வந்து குவியும், தேடுகிறவருக்கு அதனால் பயனில்லை. நிறச் சீட்டு ஒட்டுங்கள்: சிறுவர் கதை மஞ்சள், நாவலும் சிறுகதையும் நீலம், கவிதை ஊதா, சமயமும் பழைய இலக்கியமும் ஆரஞ்சு, அறிவியலும் பொதுவும் பச்சை, மலேசிய நூல் சிவப்பு. மலாய், ஆங்கில நூல்களுக்குத் தனித் தட்டு வையுங்கள். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளை இழுத்துவருவது அந்தத் தட்டுதான், அதனால் தமிழுக்குக் குறைவு வந்துவிடாது. நிறத்துக்குள் ஆசிரியர் பெயரின் முதல் எழுத்து வரிசை. முன்னெழுத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், புனைபெயரில் தெரிந்தவரைப் புனைபெயரிலேயே வையுங்கள்.

ஐந்தாம் படி: இரவல்

ஒரு நோட்டு, ஒரு தேதி முத்திரை. உறுப்பினருக்கு ஒரு பக்கம், ஒரு முறைக்கு இரண்டு நூல், மூன்று வாரம். வைப்புத்தொகை வேண்டாம், தாமத அபராதமும் வேண்டாம். இருபது சென் அபராதம் ஐந்து வெள்ளியாகிவிட்டால் அந்தப் பிள்ளை நூலையும் திருப்பித் தராது, தானும் வராது. அம்மாவிடம் கேட்கப் பயப்படும். தொலைந்தால் "வேறு ஒரு நல்ல நூல் கொண்டுவா" என்று சொல்லுங்கள், அதுவும் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். மாதம் ஒருமுறை புலனத்தில் பெயர் போடாமல் பொதுவாக நினைவூட்டினால் பெரும்பாலானவை வந்துவிடும்.

பள்ளியில் நீலாம் வாசிப்புத் திட்டத்துக்குப் பிள்ளைகள் படித்த நூலின் விவரங்களைப் பதிய வேண்டியிருக்கிறது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண்ணிக்கை எல்லாவற்றையும் உள் அட்டையிலேயே தெளிவாக எழுதி ஒட்டிவிட்டால் பிள்ளை பார்த்து எழுதிக்கொள்ளும். சின்ன வேலைதான், ஆனால் தலைமையாசிரியருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் உங்கள் நூலகத்தின் மேல் நம்பிக்கை பிறக்கும்.

ஆறாம் படி: ஈரமும் பூச்சியும்

நம் ஊரில் நூலுக்கு முதல் எதிரி காற்றின் ஈரம். ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினாலே பூஞ்சணம் பிடிக்கத் தயாராகிவிடும், நமக்கோ மழைக்காலத்தில் எண்பதைத் தாண்டுவது சாதாரணம். குளிரூட்டி வாங்கக் காசு திரட்ட வேண்டாம். மூன்று மணி நேரம் ஓட்டி மூன்று நாள் நிறுத்திவைத்தால், குளிர்ந்த நூலின் மேல் ஈரம் படிந்து இன்னும் கெடும். காற்றோட்டம்தான் மருந்து. எதிரெதிர் சன்னல், மேலே ஒரு மின்விசிறி, சன்னலுக்குக் கம்பி வலை.

இரும்பு அலமாரி வாங்குங்கள். சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி, கீழ்த்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி நிறுத்துங்கள். சுவரை ஒட்டி வைத்தால் கறையான் மண்கூடு கட்டி ஏறுவது நூல் போன பிறகுதான் தெரியும். நூல்களை இறுக்கி அடைக்காதீர்கள், ஒரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு தட்டை முழுக்க இறக்கித் துடைத்து அடுக்குங்கள். பிள்ளைகளை வைத்தே செய்யலாம், மறந்துபோன நூல்கள் கண்ணில் படும்.

பாச்சை உருண்டை போடாதீர்கள். அது நாப்தலீன். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு இருக்கிறதா என்று மருத்துவமனையில் பார்க்கிறார்கள் அல்லவா, அந்தக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு நாப்தலீன் இரத்த அணுக்களைச் சிதைக்கும். பிள்ளைகள் உட்காரும் அறையில் அதற்கு இடமே இல்லை.

பூச்சி துளைத்த நூல் கிடைத்தால், பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, வீட்டு டீப் ஃபிரீசரில் −18 பாகை செல்சியஸில் இரண்டு வாரம் வையுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், ஒரு நாள் அப்படியே விட்டு, நூல் அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு பிரியுங்கள். நன்கொடையாக வந்த அரிய நூல்களை உள்ளே சேர்க்கும் முன் இதைச் செய்வது நல்ல பழக்கம். பூஞ்சணம் லேசாக இருந்தால் என்95 முகக்கவசம் போட்டு, வெளியே நிழலில் காயவைத்து, மென்மையான தூரிகையால் தட்டுங்கள். வெள்ளத்தில் நனைந்த நூலை 48 மணி நேரத்துக்குள் உலர்த்த வேண்டும், முடியாவிட்டால் ஃபிரீசரில் வைத்துவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம்.

கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் வேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் கறையாக்கும். முதுகு விட்டுப்போன அட்டைக்கு வெள்ளைப் பசையை மெல்லிய தூரிகையால் தடவி, இரு பக்கமும் மெழுகுத்தாள் வைத்து, மேலே கனமான நூல்களை ஏற்றி ஒரு இரவு விடுங்கள்.

ஏழாம் படி: பணம்

மாதம் 400 வெள்ளி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு செய்யும் வரிசை இது: முதலில் மின்கட்டணமும் வாடகையும். அடுத்து, கதவு திறக்கிறவர்களின் போக்குவரத்து. பிறகு ஒரு தமிழ் நாளேடு. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றபோது எத்தனை பெரியவர்களுக்குக் காலைப் பழக்கமே அறுந்தது என்பதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே ஒரு நாளேடு மேசையில் இருந்தால் அவர்கள் வருவார்கள், பேரப்பிள்ளைகளும் வருவார்கள். அதற்குப் பிறகு பசை, சீட்டு, துடைப்பம். புது நூல் கடைசியில்தான்.

சங்கமாகப் பதிந்துகொள்ளுங்கள். பதிவு இல்லாவிட்டால், இந்தியர் மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவிடமோ சட்டமன்ற உறுப்பினரிடமோ மானியம் கேட்டுப் போவது கடினம். பதிந்த பிறகு ஆண்டுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும், அதற்கென ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து. மாத வரவு செலவை ஒரு பக்கத்தில் எழுதிக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

உதவி கேட்கும்போது பொதுவாகப் பணம் கேட்காதீர்கள். "இரண்டு இரும்பு அலமாரி, ஒரு மின்விசிறி, இதோ இரண்டு கடையின் விலைப்பட்டியல்" என்று போனால் ஒய்பி (சட்டமன்ற உறுப்பினர்) அலுவலகத்திலும் சரி, கூட்டுறவுச் சங்கத்திலும் சரி, பதில் விரைவாகக் கிடைக்கும். கடைக்காரர் ஒருவர் நாளேட்டுச் சந்தாவை மட்டும் ஏற்றுக்கொள்ளலாம், அவர் பெயரை மேசையில் போடுங்கள்.

எட்டாம் படி: காசில்லாமல் நூல் சேர்ப்பது

பிரதம் புக்ஸ் என்ற இந்தியப் பதிப்பகத்தின் இலவசச் சிறுவர் கதைத் தளமான ஸ்டோரிவீவர் 2015 முதல் இருக்கிறது. தமிழ்ப் படக்கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளில் கிடைக்கின்றன, படைப்பாக்கப் பொது (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் உள்ளதால் அச்சடித்துக்கொள்ள அனுமதி உண்டு. கலரில் அச்சடித்து நடுவில் ஸ்டேப்ளர் போட்டு, மேலே பிளாஸ்டிக் உறை இட்டால் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குப் புது நூல் தயார். 1998இல் தொடங்கிய, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியங்கள் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் இரண்டையும் பாருங்கள். மின்நூலின் எழுத்தைப் பெரிதாக்கி 18 புள்ளியில் அச்சடித்துக் கட்டினால் கண் மங்கிய பெரியவர்களுக்கு அதைவிட நல்ல நூல் இல்லை. உரிமம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் முதலில் படித்துவிடுங்கள்.

மாநிலப் பொது நூலகத்திடம் மொத்தமாக நூல் இரவல் கிடைக்குமா என்று கடிதம் எழுதிக் கேளுங்கள். மலாய், ஆங்கிலத் தட்டை நிரப்ப அது வழி. சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஜனவரியில் போகிறவர் உங்கள் ஊரில் யாராவது இருப்பார். பெட்டியில் ஐந்து கிலோ இடம் கேளுங்கள், பட்டியலையும் பணத்தையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

ஒன்பதாம் படி: ஊர்த் தட்டு

இது உங்கள் நூலகத்தில் மட்டுமே இருக்கக்கூடியது, அதனால்தான் இதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன். சுங்கை சிப்புட்டில் 1948 ஜூன் 16 அன்று தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. 1919இல் இங்கே பிறந்த அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன்தான், துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர் காசிலேயே வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இந்த வரலாற்றைப் படிக்கும் பிள்ளைக்குத் தன் தாத்தா தோட்டத்தின் எந்த டிவிஷனில் கித்தாப் பால் வெட்டினார் என்பதும் தெரிய வேண்டும் அல்லவா? அது எந்தப் பாடநூலிலும் இல்லை. சம்பளச் சீட்டில், கல்யாணப் பத்திரிகையில், கோயில் மலரில், சங்கச் சந்தா அட்டையில் இருக்கிறது. கம்பெனி வைத்த பெயர் ஒன்றும் ஜனங்கள் அழைத்த பெயர் வேறுமாகத் தோட்டங்கள் இருந்தன. அந்த இரண்டாவது பெயர்களை எழுதிவைக்காவிட்டால் இந்தத் தலைமுறையோடு முடிந்துவிடும்.

மூலத்தை வாங்கிவைக்க வற்புறுத்தாதீர்கள். கைப்பேசியால் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தோட்டம், ஆண்டு, பொருள், கொடுத்தவர் என்ற ஒழுங்கு எப்போதும் மாறக்கூடாது. குழுப்படம் என்றால் தாளில் ஒரு நகல் எடுத்து, பாட்டிமார் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கேட்டு எண் போட்டு எழுதுங்கள். ஒரு பாட்டி சொன்ன பெயரை இன்னொருவர் திருத்துவார், இரண்டையும் எழுதுங்கள். பேசுவதை ஒலிப்பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள். கோப்புகள் ஒரு வெளி வன்தட்டில், ஒரு மேகச் சேமிப்பில், இன்னொருவர் வீட்டில் என்று மூன்று இடத்தில் இருக்கட்டும்.

இதிலிருந்து ஒரு சிறு நூல் தொகுத்தால் தேசிய நூலகத்தில் ஐஎஸ்பிஎன் எண் வாங்குங்கள். 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி அச்சு நூலின் ஐந்து பிரதிகளை அங்கே தர வேண்டும். அதைச் சுமையாக நினைக்காதீர்கள், உங்கள் ஊரின் கதை அந்தக் கட்டடத்திலும் பத்திரமாக இருக்கும்.

பத்தாம் படி: கைமாற்றுவது

இன்று பொறுப்பில் இருப்பவர் நாளை இருக்க மாட்டார். ஒரு கோப்பில் இவற்றை இப்போதே போட்டுவையுங்கள்: சாவி யாரிடம், மின்கட்டணக் கணக்கு எண், இடத்துக்காரரோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தம், சங்கப் பதிவுச் சான்று, வங்கிக் கையெழுத்தாளர் பெயர், கூகுள் கணக்கின் கடவுச்சொல், நாளேட்டு முகவர், பழுதுபார்க்கும் எலக்ட்ரீஷியன், இரவலில் உள்ள நூல்களின் பட்டியல், இந்த வருடம் செய்து முடிக்காத வேலைகள். ஆண்டுக்கூட்டத்துக்கு முந்திய வாரம் அதைப் புதுப்பியுங்கள். புதிதாக வருகிறவர் முதல் மாதம் பழையவரோடு சேர்ந்தே கதவைத் திறக்கட்டும், இரண்டாம் மாதம் அவர் திறக்கும்போது பழையவர் வாசகராக வந்து உட்காரட்டும்.